யூதக் குடியேறியின் குடும்பப் பெயர்: மூலத்தையும் பொருளையும் தேடுவது எப்படி?

அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லினின் பெயரைக் கேட்டால், முன்னோர் ஜெர்மனியின் பெர்லின் நகரத்துக்காரர்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெயர் அகராதியைப் புரட்டினாலும் அதே பதில்தான் கிடைக்கும். ஆனால் அவர் 1888 இல் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். பிறந்தபோது அவர் பெயர் இஸ்ரேல் பெய்லின். 1893 இல் குடும்பத்தோடு நியூயார்க்கில் இறங்கியபின் பெய்லின் பேலினாக மாறியது. 1907 இல் அவருடைய முதல் பாடல் அச்சானபோது அட்டையில் ‘ஐ. பெர்லின்’ என்று வந்தது. அச்சுப்பிழை என்று சொல்வார்கள். அவர் அதையே வைத்துக்கொண்டார். மூலப் பெயரான பெய்லினுக்கும் பெர்லின் நகரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது பெய்லே என்ற பெண்ணின் பெயரிலிருந்து வந்தது.

ஆகவே பொருள் தேடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டுவதற்கு முன் அந்தப் பெயர் எப்படி இருந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து, எந்த ஊரில் இருந்தது என்பதை. இந்த இரண்டும் கையில் இருந்தால் பொருள் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இணையத்தில் பெயரைத் தட்டுவார்கள், முதலில் வரும் விளக்கத்தைக் குடும்ப வரலாறாக எழுதி வைத்துவிடுவார்கள். அப்புறம் அதைத் திருத்துவது மிகவும் கஷ்டம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போனவர்களை. ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் 1881 இல் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. வறுமையும் சேர்ந்து விரட்ட, இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். 1924 இல் அமெரிக்கா கொண்டுவந்த ஒதுக்கீட்டுச் சட்டம் அந்த ஓட்டத்தை ஏறக்குறைய நிறுத்தியது. அந்தக் குடும்பங்களோடு திருமணத்தால் உறவான தமிழர்கள் இன்று உண்டு. பிள்ளைகள் பள்ளிக்காக வம்சமரம் வரையும்போது ஒரு பக்கம் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும், மறுபக்கம் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடும். அந்த மறுபக்கத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

தொடங்குமுன் ஒரு பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 18 ஆம் நூற்றாண்டின் இறுதிவரை கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. மோஷேயின் மகன் யாக்கோபு, யாக்கோபின் மகன் டேவிட் என்று போய்க்கொண்டிருந்தது. தலைப்பெழுத்து வைத்துக்கொள்ளும் நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வெளிநாடு போன தமிழரின் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராகி, பேரப்பிள்ளைகள் வரை அப்படியே உறைந்துவிடுகிறதே, அதேதான் அங்கும் நடந்தது. அங்கே அரசாங்கம் ஆணை போட்டு உறைய வைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் இருப்பதை முதலில் சேருங்கள்

உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் போய், பெயர் எப்படி எழுதப்பட்டது என்று கேட்காதீர்கள். எப்படி உச்சரித்தார்கள் என்று கேளுங்கள். எழுத்து பத்துத் தடவை மாறியிருக்கும், பாட்டி காதில் விழுந்த ஒலி அவ்வளவு மாறியிருக்காது. அதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்டபடியே எழுதி வையுங்கள். பிறகு திருமண ஒப்பந்தம், பிரார்த்தனைப் புத்தகத்தின் முதல் பக்கம், பழைய கடித உறைகள் என்று வீட்டைக் குடையுங்கள். பழைய புகைப்படங்களின் பின்பக்கத்தைப் பார்க்க மறக்க வேண்டாம். ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அங்கே அச்சாகியிருப்பதுண்டு. கிடைக்கும் எழுத்து வடிவம் ஒவ்வொன்றையும் ஆண்டோடு ஒரே தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசிவரை அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

கல்லறைக் கல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் கிடைக்கும் செய்தி வேறெங்கும் கிடைக்காது. கல்லின் உச்சியில் ‘பே’, ‘நூன்’ என்ற இரண்டு எபிரேய எழுத்துகள் இருக்கும். ‘இங்கே அடக்கம்’ என்பதன் சுருக்கம் அது. அதற்குக் கீழே இறந்தவரின் எபிரேயப் பெயர், இன்னாரின் மகன் அல்லது மகள் என்று அப்பாவின் பெயரோடு வரும். எபிரேய வரிகளில் பெரும்பாலும் குடும்பப் பெயர் இருக்காது, அதனால் பலர் அந்தப் பகுதியைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு தலைமுறை முன்னே போக வழிகாட்டுவதே அந்த அப்பா பெயர்தான். கல்லில் விரல்களை விரித்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால் அந்தக் குடும்பம் கோஹென் எனப்படும் குருமார் வழி. தண்ணீர்க் குடுவை இருந்தால், கோயிலில் குருமாருக்கு உதவியாக இருந்த லேவி வழி. பொருள் தேடும்போது இந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

ஒரே ஆளுக்கு இரண்டு முதற்பெயர்கள் இருப்பதும் புதியவர்களைக் குழப்பும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி யித்திஷ், வழிபாட்டு மொழி எபிரேயம். அதனால் ஸ்வி என்ற எபிரேயப் பெயரோடு ஹிர்ஷ் என்ற யித்திஷ் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டுமே மான்தான். டோவ்–பெர் என்றால் கரடி, ஸெயேவ்–வோல்ஃப் என்றால் ஓநாய், ஆர்யே–லெய்ப் என்றால் சிங்கம். கல்லறையில் ஸ்வி, கப்பல் பட்டியலில் ஹெர்ஷ், அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஹாரி என்று இருந்தால் மூவரும் ஒருவராகவே இருக்கலாம்.

எல்லிஸ் தீவுக் கதையை விட்டுவிடுங்கள்

‘எல்லிஸ் தீவில் இருந்த அதிகாரிக்கு வாயில் நுழையவில்லை, பெயரை மாற்றி எழுதிவிட்டார்.’ இப்படிச் சொல்லாத அமெரிக்க யூதக் குடும்பம் அரிது. அது நடைமுறையில் நடந்ததில்லை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1 இல் திறந்து 1954 இல் மூடப்பட்டது. அங்கிருந்த அதிகாரிகள் யாருக்கும் பெயர் எழுதிக் கொடுக்கவில்லை. கப்பல் நிறுவனத்தார் புறப்படும் துறைமுகத்திலேயே தயாரித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். பல மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களும் உடனிருந்தார்கள். பெயரை மாற்றியது பெரும்பாலும் குடியேறியவரே. வேலை கிடைக்க, பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்யாமல் இருக்க, அல்லது முன்னே வந்த அண்ணன் ஏற்கெனவே மாற்றிக்கொண்டதால்.

நடிகர் கிர்க் டக்ளஸின் குடும்பம் இதற்கு நல்ல உதாரணம். பிறப்பில் அவர் இஸ்ஸூர் டேனியலோவிச். ஆனால் முன்பே அமெரிக்கா வந்திருந்த அப்பாவின் சகோதரர் டெம்ஸ்கி என்ற பெயரில் இருந்ததால், மொத்தக் குடும்பமும் டெம்ஸ்கி ஆகிவிட்டது. கிர்க் டக்ளஸ் என்பது அதற்கும் அப்புறம். டெம்ஸ்கிக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தால் டேனியலோவிச் கண்ணிலேயே படாது.

கதையை நம்புவதில் நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. நம்பினால், பழைய பெயர் எங்கும் பதிவாகவில்லை என்று தேடுவதையே நிறுத்திவிடுவீர்கள். அது பதிவாகியிருக்கும் இடமே அந்தக் கப்பல் பட்டியல்தான்.

பட்டியலைத் தேட எல்லிஸ் தீவின் தரவுத்தளமும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளமும் இலவசம். அமெரிக்கப் பெயரில் தேட வேண்டாம். முதற்பெயர், வயது, வந்த ஆண்டு, கூட வந்த பிள்ளைகளின் பெயர்கள் இவற்றை வைத்துத் தேடுங்கள். ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் உருவாக்கிய தேடல் பக்கங்கள் இதற்கென்றே உள்ளவை. குடும்பப் பெயர் தெரியாமலும் தேடலாம். எழுத்து சரியாகத் தெரியாதபோது ஒலியை வைத்துத் தேடும் முறை இரண்டு உண்டு. 1985 இல் வந்த டைட்ச்–மோகோடாஃப் குறியீடு ஒன்று, பெயர் ஆய்வாளர் அலெக்சாண்டர் பெய்டரும் மோர்ஸும் பின்னர் சேர்ந்து செய்தது இன்னொன்று. வழக்கமான அமெரிக்க ஒலிக்குறியீடு கிழக்கு ஐரோப்பியப் பெயர்களில் தடுமாறும். அதனால் இந்த இரண்டையும் பயன்படுத்துங்கள்.

பட்டியல் கிடைத்தால் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடாதீர்கள். 1907 க்குப் பிந்தைய பட்டியல்களில் சொந்த ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்டிருப்பார்கள், பிறந்த ஊருக்கும் தனிக்கட்டம் இருக்கும். யாரிடம் போகிறார் என்ற கட்டத்தில் அங்கே இருக்கும் கணவன் அல்லது மைத்துனனின் பெயர் இருக்கும். அந்தக் காலப் பட்டியல்கள் இரண்டு பக்கங்களுக்கு நீளும். இணையத்தில் முதல் பக்கம் மட்டும் கண்ணில் பட்டால் அடுத்த படத்துக்குத் தள்ளிப் பாருங்கள். ஹாம்பர்க் துறைமுகம் வழியாகப் போனவர் என்றால் அங்கேயும் தேடலாம். 1850 முதல் 1934 வரையிலான ஹாம்பர்க் பட்டியல்கள் பிழைத்திருக்கின்றன. பிரேமன் துறைமுகத்தின் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

குடியுரிமைக் காகிதம்

பழைய பெயரையும் புதுப் பெயரையும் ஒரே தாளில் பார்க்க வேண்டுமானால் அது இதுதான். 1906 செப்டம்பர் 27 முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரியான படிவம் வந்தது. அதில் பிறந்த ஊர், பிறந்த தேதி, வந்த கப்பல், வந்த நாள் எல்லாம் எழுத வேண்டும். எந்தப் பெயரில் வந்தார் என்பதும் பல படிவங்களில் இருக்கும். பெயரை மாற்றித் தரும்படி அதே மனுவிலேயே கேட்கவும் முடிந்தது. அதற்கு முந்தைய காகிதங்களை எந்த நீதிமன்றத்திலும் போடலாம் என்றிருந்தது, அவற்றில் விவரமும் சொற்பம். கொள்ளுப்பாட்டியின் பெயரில் தனிக் காகிதம் கிடைக்கவில்லை என்றால் திகைக்க வேண்டாம். 1922 வரை மனைவிக்குக் கணவன் வழியாகவே குடியுரிமை வந்தது.

ஊரைப் பிடியுங்கள்

அமெரிக்கக் கணக்கெடுப்பில் பிறந்த நாடு ‘ரஷ்யா’ என்று இருந்தால் அது இன்றைய லித்துவேனியா, பெலாரஸ், உக்ரைன், போலந்து எதுவாகவும் இருக்கலாம். ‘ஆஸ்திரியா’ என்றால் வியன்னாவை நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது கலீஷியா, அதாவது இன்றைய தென்கிழக்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும். மின்ஸ்க் என்றோ வில்னா என்றோ சொல்பவர் நகரத்தைச் சொல்லாமல் மாகாணத்தைச் சொல்லியிருக்கவும் கூடும். நம் ஆட்களே வெளியூரில் கேட்டால் மாவட்டத் தலைநகரைச் சொல்லிவிட்டுப் போவதில்லையா?

ஒரே ஊருக்கு ஒவ்வொரு ஆட்சியிலும் ஒரு பெயர். லெம்பெர்க், லுவூஃப், லிவிவ் மூன்றும் ஒன்றே. யித்திஷில் தனியாக ஒரு பெயர் இருக்கும். பாட்டி ‘பிரிஸ்க்’ என்று சொன்னது இன்றைய பெலாரஸின் பிரெஸ்ட் நகரம். ஜூயிஷ்ஜென் என்ற தளத்தில் யூதர்கள் வாழ்ந்த ஊர்களுக்கான தரவுத்தளம் உண்டு. ஒலியைத் தட்டினால் பொருந்தும் ஊர்களை எல்லாப் பழைய பெயர்களோடும் காட்டும். 1987 இல் தொடங்கிய தளம் அது. பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே தேடலாம். பொருந்தும் ஊர் நான்கைந்து வந்தால் முடிவு செய்ய அவசரம் வேண்டாம். எந்த ஊரின் பதிவேட்டில் உங்கள் குடும்பத்தின் முதற்பெயர்களும் சேர்ந்து வருகின்றனவோ, அதுதான் உங்கள் ஊர்.

ஊர் தெரிந்தால், பெயர் எப்போது வந்தது என்று தெரியும்

ஊர் எந்தப் பேரரசில் இருந்ததோ அதைப் பொறுத்து ஆணையின் தேதி மாறும், பெயரின் பாணியும் மாறும். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787 இல் யூதர்கள் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். கலீஷியாவில் ஜெர்மன் பெயர்கள் குவிந்து கிடப்பதற்குக் காரணம் அதுதான். ரஷ்யப் பேரரசில் 1804 சட்டம், ஆனால் நடைமுறைக்கு வர இழுத்துக்கொண்டே போய், 1835 இல் மறுபடி வலியுறுத்த வேண்டியிருந்தது. பிரான்சில் நெப்போலியனின் 1808 ஆணை, பிரஷ்யாவில் 1812, ஜாரின் ஆட்சிக்கு உட்பட்டு வார்சாவை மையமாகக் கொண்ட போலந்து இராச்சியத்தில் 1821. குடும்பத்தார் ‘எங்கள் பெயர் ஐந்நூறு ஆண்டுப் பழமையானது’ என்று சொன்னால் இந்தத் தேதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்கும் உண்டு. பிராங்க்ஃபர்ட் யூதத் தெருவில் சிவப்புக் கேடயம் அடையாளமாக இருந்த வீட்டில் 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குடும்பம், பின்பு வேறு வீட்டுக்குப் போனபோதும் ராத்ஸ்சைல்டு என்ற பெயரை விடவில்லை.

அந்தக் காலப் பதிவேடுகளைப் படிக்க மூன்று விஷயம் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

போலந்து இராச்சியத்தில் 1826 முதல் யூதர்களுக்குத் தனிப் பதிவேடு. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் கட்டம் போடாமல் வாக்கியமாக எழுதியிருப்பார்கள். 1868 வரை போலிஷ் மொழி, அப்புறம் ரஷ்யன். ஜெஆர்ஐ–போலந்து என்ற திட்டத்தார் 1995 முதல் இவற்றுக்கு அட்டவணை போட்டுவருகிறார்கள், அதில் தேடிவிட்டு மூலப் படத்துக்குப் போகலாம்.

ரஷ்யப் பேரரசின் மற்றப் பகுதிகளில் வரிக்காக எடுத்த தலைக்கட்டுப் பட்டியல்கள் உண்டு. 1811, 1816, 1834, 1850, 1858 ஆகிய ஆண்டுகளின் பட்டியல்கள் நமக்கு முக்கியம். முந்தைய பட்டியலில் ஒருவர் ‘இட்ஸ்கோவின் மகன் மோவ்ஷா’ என்று மட்டும் இருந்து, அடுத்ததில் குடும்பப் பெயரோடு வந்தால், பெயர் பிறந்த காலத்தையே பிடித்துவிட்டீர்கள். லித்துவேனியாப் பகுதிக்கு லிட்வாக்சிக் என்ற குழுவின் அட்டவணைகளைப் பாருங்கள்.

கலீஷியாவில் வேறு சிக்கல். பல யூதத் தம்பதிகள் மத முறைப்படி மட்டும் மணந்துகொண்டு அரசிடம் பதியாமல் விட்டார்கள். அரசின் கண்ணில் பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் அல்ல. எனவே அம்மாவின் குடும்பப் பெயரே பிள்ளைகளுக்குப் போனது. பதிவேட்டில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘ரெக்டே’ என்று இருந்தால் ‘சட்டப்படி சரியானது’ என்று அர்த்தம், ‘ஃபால்ஸோ’ என்றால் ‘தவறாக வழங்குவது’, ‘வெல்’ என்றால் ‘அல்லது’. அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி வேறு பெயரிலும் அமெரிக்கா போயிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உங்கள் குடும்பத்துப் பெயர் அப்பா வழியே அல்ல, அம்மா வழி என்று தெரியவரலாம். அப்படியானால் பொருள் தேட வேண்டியதும் அம்மாவின் முன்னோர்களிடம்தான்.

எழுத்து மாற்றத்தை இங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள். ரஷ்யனில் ‘ஹ’ ஒலிக்கு எழுத்து இல்லை, ‘க’ போட்டு எழுதுவார்கள். ஹோரோவிட்ஸ் அங்கே கோரோவிட்ஸ், குர்விச் என்று மாறும். ஹெல்லர் கெல்லராகும், ஹோஃப்மன் கோஃப்மனாகும். கோஹென் என்பதுதான் ககான், கோகன் எல்லாம். போலிஷ் எழுத்தில் இருக்கும் பெயரை ஆங்கிலம் போல வாசிக்கக் கூடாது. ‘டபிள்யூ’ அங்கே ‘வ’, ‘சி’ என்பது ‘ட்ஸ்’, ‘எஸ்–ஜெட்’ சேர்ந்தால் ‘ஷ’. அதனால்தான் ஷ்வார்ட்ஸ் என்ற ஒரே பெயர் மூன்று நாட்டில் மூன்று விதமாகத் தெரிகிறது.

இப்போது பொருள்

சரி, மூலப் பெயரும் ஊரும் வந்துவிட்டன. பெயர்களை வகை பிரிப்பது இனி எளிது.

அப்பா பெயரிலிருந்து வந்தவை வெளிப்படையானவை. அப்ரமோவிச், யாகோப்சன், மெண்டல்சன். டேனியலோவிச்சும் அப்படியே. கொஞ்சம் மறைந்திருப்பதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் காரல் மார்க்ஸ். அவருடைய தாத்தா மொர்தெகாய் ட்ரியர் நகரத்தில் ரபி, அதாவது யூத மதகுரு. மொர்தெகாய் என்ற எபிரேயப் பெயருக்கு ஜெர்மன் ஊர்களில் வழங்கிய இணை மார்க்ஸ். லேவி என்ற வம்ச அடையாளம் உதிர்ந்துபோய், ஒரு முதற்பெயர் குடும்பப் பெயராகி உலகமெல்லாம் பரவிவிட்டது.

அம்மா பெயரிலிருந்து வந்தவைதான் எனக்கு மிகவும் பிடித்த வகை. ரிவ்கின் (ரிவ்கா), மால்கின் (மால்கா), டுவோர்கின் (டுவோரா), சோர்கின் (சோரா, அதாவது சாரா), ஃபெய்கின் (ஃபெய்கே), நம் பெய்லினும்தான். ‘–இன்’, ‘–கின்’ என்று முடிந்தால் முதலில் ஒரு பெண்ணைத் தேடுங்கள். இந்தப் பெயர்கள் இன்றைய கிழக்குப் பெலாரஸில், மொகிலேவ் பகுதியில் அடர்ந்து கிடக்கின்றன. ஒரே பகுதியில் இப்படிக் குவிந்திருப்பதைப் பார்த்தால், வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருந்தது என்று சொல்ல முடியாது, அங்கே பெயர் வைத்தவர்கள் பிடித்துக்கொண்ட வழக்கம் அது என்றே தோன்றுகிறது. அவ்வளவு வெளிப்படையாக இல்லாத இன்னொரு வடிவம் பெர்ல்மன். முத்து வியாபாரி என்று எழுதிவிடுவார்கள். பெர்ல் என்ற பெண்ணின் கணவன் என்பதே பெரும்பாலும் சரி.

ஊர்ப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. பிராடி என்ற ஊரிலேயே இருப்பவரை யாரும் பிராட்ஸ்கி என்று கூப்பிட மாட்டார்கள், அங்கே எல்லோருமே பிராடிக்காரர்கள். பிராடியிலிருந்து வேறு ஊருக்குப் போனவருக்குத்தான் அந்தப் பெயர். எனவே ஊர்ப்பெயர் என்பது பெயர் பதிவான இடத்தைச் சொல்லாது, அதற்கு முன்பே விட்டுவந்த இடத்தைச் சொல்லும். மார்க்ஸின் தாய் வழிப் பெயர் பிரெஸ்பர்க். இன்றைய பிராட்டிஸ்லாவாவின் ஜெர்மன் பெயர் அது. அவருடைய அம்மாவின் குடும்பம் இருந்ததோ நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில். கின்ஸ்பர்க் பவேரியாவின் குன்ட்ஸ்பர்கிலிருந்தும், ஹல்பெர்ன் ஹைல்ப்ரானிலிருந்தும், ஹோரோவிட்ஸ் பொஹிமியாவின் ஹொர்ஷோவிட்சேயிலிருந்தும் வந்த பழைய பெயர்கள். புகழ்பெற்ற ரபி குடும்பங்கள் இவற்றைச் சுமந்ததால், பெயர் ஒன்றாக இருப்பவர்கள் எல்லோரும் அந்த ரபியின் வாரிசு என்று சொல்லிக்கொள்வார்கள். ஆவணம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தொழிற்பெயரில் மொழியைக் கவனியுங்கள். தையல்காரர் யித்திஷிலும் ஜெர்மனிலும் ஷ்னைடர், ரஷ்யனில் போர்ட்னாய், உக்ரைன், பெலாரஸ் பக்கம் கிராவெட்ஸ், எபிரேயத்தில் ஹயாட். நான்கும் ஒரே தொழில், ஆனால் எந்த மொழியில் பெயர் அமைந்தது என்பது பெயர் உறைந்த பகுதிக்குத் துப்பு. யூத உணவு விதியான கோஷர் முறையில் ஆடுமாடு அறுப்பவர் ஸ்லாவிய மொழிகளில் ரெஸ்னிக், எபிரேயத்தில் ஷோகெட்.

சுருக்கெழுத்துப் பெயர்களில் புதியவர்கள் தவறாமல் வழுக்குவார்கள். காட்ஸ் என்பது ஜெர்மன் மொழியின் பூனை அல்ல, ‘கோஹென் ட்செடெக்’, நீதியுள்ள குரு என்பதன் முதலெழுத்துகள். சேகல் என்பது ‘செகன் லெவியா’ என்ற லேவியர் பட்டம். ஓவியர் மார்க் ஷகாலின் பெயரும் சேகலின் மறுவடிவமே. ஷுப் என்றால் ஆடுமாடு அறுப்பவரும் இறைச்சியைச் சோதிப்பவரும். கல்லறையில் நீங்கள் பார்த்த கைகளும் குடுவையும் இங்கே சாட்சிக்கு வரும். காட்ஸ் குடும்பத்தின் கல்லில் கைகள் இருந்தால் விளக்கம் உறுதி.

கடைசி வகைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரோசென்பெர்க், கோல்ட்ஸ்டைன், புளூமென்ஃபெல்ட் போன்றவை அழகுக்காக ஒட்டவைத்தவை. ரோஜா மலை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டாம். பணம் கொடுத்தவருக்கு நல்ல பெயர், கொடுக்காதவருக்கு அசிங்கமான பெயர் என்று அதிகாரிகள் விற்றார்கள் என்ற கதையும் சுற்றுகிறது. அசிங்கமான பெயர்கள் சில இருந்தன என்றாலும், கதை அளவுக்கு மிஞ்சி ஊதப்பட்டது.

எந்த வகை என்று முடிவு செய்ய அலெக்சாண்டர் பெய்டரின் குடும்பப் பெயர் அகராதிகள் நம்பகமானவை. ரஷ்யப் பேரரசு, போலந்து இராச்சியம், கலீஷியா மூன்றுக்கும் தனித்தனி நூல். அந்தப் பெயர் எந்த மாவட்டங்களில் காணப்பட்டது என்றும் பெய்டர் குறித்திருப்பார். பொருளைப் படிப்பதற்கு முன் மாவட்டத்தைப் பாருங்கள். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், பெயரின் எழுத்து வடிவத்தை மறுபடி சோதிக்க வேண்டும்.

ஸ்பானிய வழி யூதர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. டொலெடானோ, அபுலாஃபியா, அப்ரவனேல் போன்ற பெயர்கள் 1492 இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்படுவதற்கு முன்பே இருந்தவை. நம் நாட்டில் கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் மக்களுக்கு ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்ந்த குடும்பப் பெயர்கள். பென் ஊர்க்காரர் பென்கர், கெஹிம் ஊர்க்காரர் கெஹிம்கர். இஸ்ரேலுக்குப் போன பின்னும் பல குடும்பங்கள் இவற்றை விடவில்லை.

தடம் நின்றுபோனால்

நேர்வழி அடைபட்டால் பக்கவழி. கொள்ளுத்தாத்தாவின் பதிவு கிடைக்காவிட்டால் அவருடைய தம்பி, தங்கை, மைத்துனர்களைத் தேடுங்கள். அவர்கள் காகிதத்தில் ஊர் சரியாக எழுதியிருக்கலாம். மரபணுச் சோதனையில் மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட உறவினர் என்று காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். நூற்றாண்டுகளாகச் சமூகத்துக்குள்ளேயே மணந்தவர்கள் என்பதால் உறவு உள்ளதைவிட நெருக்கமாகத் தெரியும்.

ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட கிளைக்கு எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகத்தின் பெயர்த் தரவுத்தளம். நாஜிகளால் கொல்லப்பட்டவர்களைப் பற்றி உறவினர்கள் நிரப்பிக் கொடுத்த சாட்சிப் பக்கங்கள் அதில் உள்ளன. பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். கீழே, நிரப்பியவர் யார், அவருக்கு என்ன உறவு என்றும் இருக்கும். அமெரிக்காவில் மாறிப்போன பெயரின் பழைய வடிவம் அங்கே மாறாமல் கிடைப்பதுண்டு.

இஸ்ரேல் போன கிளை என்றால் பெயர் இன்னொரு தடவை மாறியிருக்கும். டேவிட் பென்–குரியன் பிறப்பில் குரூன். கோல்டா மெயிர் பிறப்பில் மாபோவிச், திருமணத்தால் மேயர்சன், 1956 இல் மெயிர். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நடந்த பெயர் மாற்றங்கள் பாலஸ்தீன அரசிதழில் பழையதும் புதியதும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன. அதில் தேடும்போது, நீங்கள் குறித்து வைத்த தாளில் உள்ள ஒவ்வொரு எழுத்து வடிவத்தையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.